மாநாட்டுக் கூடமும் சவுக்குத் தோப்பும்

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, மாமல்லபுரத்தைச் சுற்றிப் பெரிய விடுதிகள் வந்த பிறகு ரோட்டரி சங்கத்தாரின் மாநாடுகளும் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். மேடையில் பித்தளை மணி இருக்கும். அதை அடித்தால்தான் கூட்டம் தொடங்கும், அடித்தால்தான் முடியும். ரோட்டரி மாவட்ட ஆளுநர் கழுத்தில் கனத்த சங்கிலி தொங்கும். நான் புதுப்பட்டினத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். ஓய்வு பெறும் காலத்தில் அப்படியொரு மாநாட்டில் எனக்கும் சால்வை போர்த்தினார்கள். மேடையில் பேசியவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டி, "இவ்வளவுதான் மிச்சம்" என்றார். போலியோவை ஒழிக்க இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்ட உலகம் முழுக்க ரோட்டரிக்காரர்கள் காட்டும் சைகை அது. அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் நண்பர்கள் மூவரோடு தொடங்கிய சங்கம் ரோட்டரி. சென்னைக்கு 1929இல் வந்தது. வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள், பொறியாளர்கள் வாரம் ஒருமுறை கூடிச் சாப்பிட்டுப் பேசும் இடமாகவே பல காலம் இருந்தது. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1989இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அந்த 1989 எனக்கு முக்கியம். போலியோவை உலகத்திலிருந்தே விரட்டுவோம் என்று ரோட்டரி சபதம் எடுத்தபோது அதன் கூட்டங்களில் பெண் உறுப்பினர் கிடையாது. அந்தச் சபதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள்.

1979இல் பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ரோட்டரி பணம் கொடுத்தது. அதில் கிடைத்த தைரியத்தில் 1985இல் 'போலியோ பிளஸ்' திட்டத்தை அறிவித்தார்கள். இலக்கு 12 கோடி டாலர். 1988இல் பிலடெல்பியா மாநாட்டில் கணக்குப் பார்த்தபோது 24.7 கோடி டாலர் சேர்ந்திருந்தது. அதே ஆண்டு உலக சுகாதார சபை போலியோ ஒழிப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்போது உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள் என்பது மதிப்பீடு.

பணமும் தீர்மானமும் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மண்ணில் அந்த மருந்து சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் நடு முடிச்சு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்போது மூன்று தவணை போதுமாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் நோய்களை ஆராய்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை போட்ட பிறகும் நம் குழந்தைகள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று கண்டுபிடித்தார். கூடுதல் தவணை வேண்டும் என்றார். தனித்தனியாக, கிடைக்கும்போது கொடுப்பதைவிட, ஓர் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நோய்க்கிருமிக்குத் தங்க இடமே இருக்காது என்றும் சொன்னார். 1980களின் தொடக்கத்தில் ரோட்டரியின் துணையோடு வேலூரில் அதைச் செய்து காட்டினார்கள். அந்த ஊரில் போலியோ அடங்கியது. பிறகு நாடு முழுக்க 'பல்ஸ் போலியோ' என்று போனதற்கு நாற்று விட்ட இடம் நம் வேலூர்தான்.

எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இப்படியொரு கசப்பான உண்மையை உலகத்துக்குச் சொன்ன பெருமை உண்டு. 1968இல் தொடங்கி இங்கே இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பேரைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. உலகமே அதிர்ந்தது. வெளியூரில் பலித்த மருந்து இங்கே ஏன் பலிக்கவில்லை என்று இங்கேயே நின்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட ஊர்கள் இவை. ஆராய்ச்சி என்ற பெயரில் கை நீட்டிய அந்தக் கிராமத்து ஜனங்களை மேடைகளில் யாரும் நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

நாடு தழுவிய முதல் பல்ஸ் போலியோ முகாம் 1995 டிசம்பர் 9. அடுத்த சுற்று 1996 ஜனவரி 20. முதல் ஆண்டு மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பிறகு ஐந்து வயது வரை என்று ஆக்கினார்கள். பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பேருந்து நிறுத்தம் எல்லாம் மையங்கள். மருந்து கெடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. ஐஸ் பெட்டியில் நாலு ஐஸ் பேக் சுற்றிலும் நிற்கும், நடுவில் குப்பிகள். முதல் நாள் ராத்திரி கரண்டு போனால் பேக் உறையாது. அப்படி ஒரு ராத்திரி செங்கல்பட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ரோட்டரிக்காரர் ஒருவர், "சிஸ்டர், மீனுக்கு ஐஸ் போடுறாங்களே, அங்கே கேட்டுப் பார்த்தீங்களா?" என்றார். தன் வேனிலேயே ஐஸ் கம்பெனிக்குப் போய், விடிவதற்குள் பாளம் பாளமாகக் கொண்டுவந்து இறக்கினார். உடைத்து, பாலிதீன் பையில் கட்டிப் பெட்டிக்குள் அடுக்கினோம். சங்கம் கொடுத்த பேனரும் தொப்பியும் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வேன் ஞாபகம் இருக்கிறது. எங்கள் துறையில் ஒரு வண்டிக்கு எழுதிப் போட்டால் கையெழுத்து வாங்கி வருவதற்குள் முகாமே முடிந்துவிடும்.

பிறகு குப்பியின் மேலேயே ஓர் அடையாளம் ஒட்டி வந்தது. வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டுச் சதுரம் கறுத்து வட்டத்தோடு ஒன்றாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டும். படிக்காத ஆயாகூடப் பார்த்துச் சொல்லிவிடுவாள். போலியோ ஒழிப்பில் எத்தனையோ பெரிய கண்டுபிடிப்புகளைச் சொல்வார்கள். நான் அந்தச் சின்னச் சதுரத்தைத்தான் முதலில் வைப்பேன்.

பிந்தைய ஆண்டுகளில் முகாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. குப்பத்தில் அன்றைக்குத்தான் மீன் நல்ல விலைக்குப் போகும். தாய்மார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏலத்தில் நிற்பார்கள். மையத்துக்கு வர நேரம் ஏது? பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகு கரையேறும் நேரத்துக்கு மணலுக்கே போனோம். "போன மாசந்தானே ஊத்துன, மறுபடியுமா நர்ஸம்மா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் ஜேக்கப் ஜான் கண்டுபிடித்ததுதான். "நம்ம ஊர்ப் பிள்ளைங்க வயித்துல வேற கிருமியும் நெறைய இருக்கும்மா, ஒரு தடவையில பிடிக்காது, திரும்பத் திரும்பக் குடுக்கணும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மருந்து கொடுத்ததும் இடது கைச் சுண்டுவிரலில் மை. அடுத்த நாள்களில் வீடு வீடாகப் போய் அந்த விரலைப் பார்ப்போம். எல்லாக் குழந்தைக்கும் ஆகிவிட்ட வீட்டுச் சுவரில் 'பி', யாராவது விட்டுப்போயிருந்தால் 'எக்ஸ்'.

இப்படிச் சுவர் சுவராகப் போனதில்தான் எங்கள் பதிவேட்டில் இல்லாத வீடுகள் தெரிந்தன. சவுக்குத் தோப்புக்குப் பின்னால், பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருளர் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டிருந்தன. பகலில் போனால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கப் போயிருப்பார்கள். கைக்குழந்தையும் கரையில் இருக்கும். பொழுது சாய்ந்து போனால் எல்லோரும் இருப்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்குப் பிறப்புப் பதிவு இல்லை, பி.சி.ஜி. இல்லை, தட்டம்மை ஊசி இல்லை. இரண்டு சொட்டுக்காகப் போய், விட்டுப்போன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தோம். என்னைக் கேட்டால் போலியோ முகாம் எங்கள் ஊருக்குச் செய்த பெரிய நன்மை இதுதான்.

முகாமோடு வேலை முடியாது. பதினைந்து வயதுக்குள் எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை கால் துவண்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும். பதினான்கு நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் அதற்கான ஆய்வகம் இருந்தது. மலத்தை டப்பாவில் பிடிக்கச் சொன்னால் வீட்டில் அருவருத்துக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாமே எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டது 2004இல். அந்த ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்து எங்கள் கரையை அடித்துப் போட்டது. நிவாரண முகாம்களில் தங்கியிருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடப் போனபோது, போலியோவுக்காக எழுதிய வீட்டுப் பட்டியல்தான் கையில் இருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். சுற்று மேல் சுற்றாக வந்த ஆண்டுகளில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் வேலை பின்தங்கியது. இரத்தசோகையோடு ஒருத்தி வாசலில் காத்திருக்க, நாங்கள் சுவரில் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரே நோயைத் துரத்த வந்த பணம் ஒரே நோய்க்குத்தான் செலவாகும். இதை மேலே சொல்லிக் கேட்கிறவர் அன்றைக்கு இல்லை.

2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. 2010இல் 42. 2011 ஜனவரி 13இல் ஹௌரா பக்கத்தில் ஒரு குழந்தை. இயற்கையான போலியோ கிருமியால் அதற்குப் பிறகு யாருக்கும் இல்லை. 2014 மார்ச் 27இல் தென்கிழக்காசிய வட்டாரத்துக்கே போலியோ இல்லை என்று சான்று கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் சுகாதார நிலையத்தில் வழக்கமான வேலை நாள்தான். மதியம் டீ குடிக்கும்போது ஒருத்தி செய்தியைச் சொன்னாள், எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம்.

இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இருக்கிறது. 2024இல் பாகிஸ்தானில் மட்டும் 70க்கு மேல். அங்கே சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். என்னைப் போலவே தோளில் பெட்டியோடு போனவர்கள். கராச்சியில் ஒரு சந்துக்குள் அவர்கள் நுழைவதை நினைத்தால், மணலில் என்னைத் திட்டிய மீனவப் பெண்கள் எல்லாம் தெய்வமாகத் தெரிகிறார்கள். மாநாடுகளில் டாலர் கணக்கு வாசிக்கும்போது அந்தப் பெண்களின் பெயரையும் வாசிக்க வேண்டும் என்று மேடையிலேயே கேட்டேன். கைதட்டினார்கள். வாசிக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டேன். மாநாடு சனி ஞாயிறில் நடக்கும். எங்கள் தடுப்பூசி நாள் புதன். விடுதிகள் கட்ட ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தவணை எங்கே போட்டது என்று கேட்டு எழுத, அவர்கள் பாஷை தெரிந்த ஓர் ஆள் வேண்டும். கொட்டகைக்குப் போய்வர ஆட்டோ செலவு வேண்டும். இதற்குக் கோடி டாலர் தேவையில்லை. எனக்குப் பின் வந்த செவிலியர் இப்போதைக்குத் தன் கைக்காசைப் போட்டுத்தான் போய்வருகிறார்.