கள்ளச் சாவியும் நல்ல சாவியும்

சென்ற முறை லுணுகலைக்குப் போயிருந்தபோது அண்ணன் மகன் தன் புதிய காரைக் காட்டினான். புதியது என்றால் அவனுக்குப் புதியது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. கத்தாரில் ஏழாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்படும் வரை காத்திருந்து வாங்கியிருக்கிறான். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்தின் வாசலில் சொந்தக் கார் நிற்பதைப் பார்க்க எனக்கும் பெருமையாகவே இருந்தது. கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நான் கேட்ட முதல் கேள்வி அவனுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

“இன்னொரு சாவி எங்கே?”

“ஒண்ணுதான் வந்துச்சு சித்தப்பா” என்று சிரித்தான்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள் ஒரே ஒரு சாவியோடு வந்து இறங்குவது அரிதான காரியமல்ல. அவனுடைய நண்பர்கள் பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்களாம். அவனுக்குத் தெரியாத ஒன்று, அந்தக் கேள்வி என்னுடையதல்ல, அவனுடைய தாத்தாவினுடையது என்பது. அதைச் சொல்ல 1998க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில், கொழும்பில் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய ஜப்பான் காரில் ஊருக்குப் போயிருந்தேன். தோட்டப் பாதையில் அந்தக் கார் ஏறாது. பிரதான வீதியில், பாதை பிரியும் இடத்தில் நிறுத்திவிட்டு லயத்துக்கு நடந்து செல்வதே வழக்கம். இரண்டாம் நாள் மாலை ஏழு மணியளவில் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி கண்டது. தோட்ட லொறி வெளியே போயிருந்தது. பதுளைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. நான் முன்னால் ஓடிவந்து காரைத் திருப்பி நிறுத்தினேன். ஈரத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்துவிடுமோ என்ற பயத்தில் இயந்திரத்தை நிறுத்தாமல் இறங்கினேன். இறங்கும்போது கொழும்புப் பழக்கத்தில் கதவின் பொத்தானை அமுக்கி, கைப்பிடியைத் தூக்கியபடி சாத்தினேன். மற்றக் கதவுகள் ஏற்கெனவே பூட்டியிருந்தன. சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பளியில் சுற்றி, நாற்காலியில் உட்காரவைத்துப் பெரியப்பாவை நால்வர் சுமந்துவந்து இறக்கினார்கள். தூறல். கார் உறுமுகிறது, விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை. “தம்பி, சாவிய எங்கப்பா வச்ச?” என்று அந்த வலியிலும் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மாற்றுச் சாவி இருந்தது. கொழும்பில், நண்பர் வீட்டு அலமாரியில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

கண்ணாடியை உடைப்பதென்று கல்லை எடுத்தேன். அப்போதுதான் ரோந்து வந்த பொலிஸ்காரர் ஒருவர் எங்கள்மீது டோர்ச் விளக்கை அடித்தார். போர்க்காலம் அது. கொழும்பில் மத்திய வங்கியின்மீது வெடிமருந்து லொறி மோதி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெளிமாவட்டத்துக் கார், உள்ளே ஆளில்லை, இயந்திரம் ஓடுகிறது, பக்கத்தில் கையில் கல்லோடு ஒரு தமிழ் இளைஞன். காரின் பதிவுப் புத்தகமும் என்னுடைய அடையாள அட்டையும் காருக்குள் இருந்தன. எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டிப் பேசினேன். அவர் என்னைப் பார்ப்பதை விட்டு, நாற்காலியில் கிடந்த பெரியப்பாவை ஒரு முறை பார்த்தார். பிறகு டோர்ச் விளக்கைக் கார் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். கல்லைக் கீழே போடும்படி சொன்னார். கடைத்தெருவிலிருந்த ‘பாஸ்’ஸைக் கூட்டிவர ஒரு பையன் அதற்குள் ஓடியிருந்தான்.

மலையகத்தில் கைதேர்ந்த தொழிலாளரையெல்லாம் ‘பாஸ்’ என்போம். இவர் மெக்கானிக் பாஸ். கையில் அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு தகரப் பட்டை. தேயிலைப் பெட்டிகளின் விளிம்பில் அடிக்கும் பட்டை அது. மரப்பெட்டிகள் போய்க் காகித மூட்டைகள் வந்துகொண்டிருந்த காலம். பழைய பெட்டிகளின் தகரம் ஊரெங்கும் வேலிக்கும் வாளிக்கும் பயன்பட்டது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே அதைச் செருகினார். பொலிஸ்காரர் டோர்ச் பிடித்தார். மூன்றாவது முயற்சியில் ‘டக்’ என்றது. பாஸ் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஏறக்குறைய ஐம்பது நிமிடம் போய்விட்டிருந்தது. பசறை வழியாகப் பதுளைக்கு, அந்த வளைவுகளில், எப்படி ஓட்டினேன் என்பது நினைவில் இல்லை. பெரியப்பா பிழைத்தார். 2005 வரை இருந்தார். ஆனால், ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக அந்த ஐம்பது நிமிடம் சிறியதாகிவிடாது. அதன்பின் நான் எந்த வாகனத்தில் போனாலும் புறப்படும்முன் அவர் கேட்பது ஒன்றே: “சாவி ரெண்டும் இருக்கா?”

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சாவி’ தமிழ்ச் சொல் அன்று. அலமாரியையும் ஜன்னலையும் போலப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. நம்முடைய பழைய சொல் ‘திறவுகோல்’. யாழ்ப்பாணத்தார் ‘திறப்பு’ என்பர். மலையகத்தில் நாங்கள் ‘சாவி’ என்றே வளர்ந்தோம். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எழுதிய ‘சாவி’யையெல்லாம் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் ‘திறப்பு’ என்று திருத்திக்கொண்டே இருந்தார். கட்டடத் ‘திறப்பு விழா’ச் செய்தி ஒன்றில் சாவி காணாமற்போய் விழா தாமதமானதை எழுத நேர்ந்தபோதுதான் அவர் சற்று இறங்கிவந்தார்.

ஆனால் எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. இரண்டாவது சாவிக்கு மக்கள் வழக்கில் இருந்த சொல் ‘கள்ளச் சாவி’. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, மற்றது திருடனுடையது என்னும் எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நடைமுறையோ நேர்மாறு. லயக் காம்பராவில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கதவைப் பூட்டி, ஒரு சாவியை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். மற்றது பக்கத்துக் காம்பராவில் இருக்கும். எங்கள் வீட்டுச் சாவி இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுத்த காம்பரா அக்காவின் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அவரது சாவி எங்கள் அம்மாவின் உப்புப் பானைக்கு அருகில். பூட்டு ஊருக்கு, சாவி உறவுக்கு என்பதுபோல.

கார்ச் சாவியின் தொடக்க காலமும் ஏறத்தாழ அப்படி நம்பிக்கையின் காலந்தான். முதல் கார்களுக்குச் சாவியே கிடையாது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றத் தெரிந்தவன் எவனும் கிளப்பலாம். 1912இல் கடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின்னரும் கிளப்புவதற்குச் சாவி வேண்டியிருக்கவில்லை. ஃபோர்டின் ‘மாடல் டி’ காருக்குச் சாவி வந்தபோது அதில் வகைகள் வெறும் 24. அவற்றுக்கு 51 முதல் 74 வரை எண் இட்டிருந்தார்கள். இலட்சக்கணக்கில் விற்ற காருக்கு இருபத்து நான்கே சாவி! ஒரு ஊரில் இருபத்தைந்து மாடல் டி இருந்தால், குறைந்தது இருவர் ஒருவர் காரை மற்றவர் ஓட்டிப் போயிருக்கலாம். நம் ஊர் வீதிகளை ஆண்ட மொரிஸ் மைனர் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சாவியின் எண் பூட்டின் முகத்திலேயே பொறித்திருக்கும். சாவி தொலைந்தால் எண்ணைப் படித்துக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திருடனும் வாசிக்கத் தெரிந்தவனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சாவியைத் திருப்பினால் கார் கிளம்பும் என்ற ஏற்பாடு 1949இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. ஸ்டியரிங் பூட்டு பரவலானது அதற்குப் பின்னால்தான். இவை எதுவும் சாவி வெட்டுபவரின் பிழைப்பைக் கெடுக்கவில்லை. அரத்தோடு வீதியோரத்தில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் இன்னொன்று செய்துகொடுப்பார். 1986இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் கோர்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. அதிலும் பதினைந்து அளவுகளே. அடுத்த பத்தாண்டில் கதை அடியோடு மாறியது. சாவிக்குள் சிப் புகுந்தது. கார் அந்தச் சிப்பிடம் ‘நீ யார்’ என்று கேட்டு, சரியான பதில் வந்தால்தான் இயந்திரத்தை ஓடவிடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நான் லுணுகலை வீதியில் கல்லோடு நின்ற அதே ஆண்டு.

அன்று முதல் ‘கள்ளச் சாவி’ ஏறக்குறைய ஒழிந்தது. கூடவே எளிதில் கிடைக்கும் நல்ல சாவியும் ஒழிந்தது. பழைய காரில் எல்லாச் சாவியும் தொலைந்தால் பூட்டைப் பார்த்து ஒன்று செய்யலாம். சிப் வைத்த காரில் ஒரு சாவி கையில் இருக்கும்வரை இரண்டாவதைப் பதிவு செய்வது ஒப்பீட்டளவில் எளிது. கடைசிச் சாவியும் போனபின் காரின் மின்னணு மூளையையே கழற்றி வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கலாம். அதற்கான கருவியும் ஆளும் லுணுகலைக் கடைத்தெருவில் இல்லை. காரை லொறியில் ஏற்ற வேண்டும். ஆகவே மாற்றுச் சாவி என்பது தொலைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது.

மாற்றுச் சாவி இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு ஒரிசாவின் பூரி ஜகந்நாதர் கோயிலைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அங்கே ‘ரத்ன பண்டார்’ என்னும் பொக்கிஷ அறை இருக்கிறது. அதன் உள்ளறையில் உள்ளவற்றை 1978இல் கணக்கெடுத்தார்கள். 1985இல் ஒரு முறை திறந்தார்கள். 2018 ஏப்ரல் 4ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டடத்தைப் பரிசோதிக்கச் சென்ற குழு, உள்ளறைக்குள் நுழையாமல் இரும்புக் கம்பிகளுக்கு வெளியே நின்று விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. சாவியைக் காணவில்லை என்பது ஜூனில் வெளியே வந்தது. பெரும் அமளி. நீதிபதி ரகுபீர் தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதே ஜூன் மாதம் 13ஆம் தேதி, மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் ஓர் உறை கிடைத்தது. உள்ளறையின் மாற்றுச் சாவிகள் என்று அதன்மேல் எழுதியிருந்தது. ஊர் பெருமூச்சு விட்டது.

ஆனால் அந்தச் சாவிகளைப் பூட்டில் போட்டுப் பார்க்க ஆறு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் 2024 மே மாதத் தேர்தல் பிரசாரத்தில் பிரதமர் மோடி, அந்தச் சாவிகள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகப் பேச்சு இருப்பதாகச் சொன்னார். ஒரிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக்கின் வலக்கரமாக இருந்த தமிழர் வி.கே. பாண்டியனைக் குறிவைத்த பேச்சு அது. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார். சாவி தொலைந்தால் முதலில் அயலானைச் சந்தேகிப்பது வீட்டிலும் உண்டு, நாட்டிலும் உண்டு. அந்த ஜூலை 14ஆம் தேதி உள்ளறையைத் திறக்கப் போனார்கள். உறையிலிருந்த மாற்றுச் சாவிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூட்டுகளை உடைத்தார்கள்.

டைட்டானிக் கப்பலின் சாவிக் கதையையும் பலர் சொல்வார்கள். கடைசி நேரத்தில் வேறு பணிக்கு மாற்றப்பட்ட அதிகாரி டேவிட் பிளேயர், 1912 ஏப்ரலில் பெட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையிலேயே கொண்டுபோய்விட்டார். காவலாளிகளுக்குத் தூரநோக்குக் கண்ணாடி கிடைக்காமற் போனதற்கு அதுவே காரணம் என்பார்கள். 2007இல் அந்தச் சாவி 90,000 பவுணுக்கு ஏலம் போயிற்று. எனக்கு அந்தக் கதையில் முழு நம்பிக்கை இல்லை. ஒரு மரப்பெட்டியை உடைக்கவா அவ்வளவு பெரிய கப்பலில் ஆளில்லை? பூரியின் உறைதான் எனக்கு உறுத்துகிறது. சாவி இருந்தது, பெயர் எழுதியிருந்தது, பத்திரமாகவும் இருந்தது. பொருந்துகிறதா என்று மட்டும் எவரும் பார்த்திருக்கவில்லை.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பொறுமைசாலி. கேட்டுவிட்டு, இரண்டாவது சாவியைக் காருக்குள்ளேயே ஒளித்துவைக்கலாமா என்றான். ஸ்மார்ட் கீயை உள்ளே வைத்தால் கார் பூட்டவே மறுக்கலாம், பூட்டினாலும் சாவியின் பேட்டரி தீரும் என்றேன். அடியில் காந்தப் பெட்டியில் ஒட்டிவைப்பதும் நம் வீதிகளின் சேற்றுக்கு ஆகாது. அவனுடைய சாவியின் பக்கத்துப் பொத்தானை அமுக்கி, உள்ளே ஒளிந்திருந்த இரும்புச் சாவியை இழுத்துக் காட்டினேன். பேட்டரி செத்தாலும் கதவைத் திறப்பது அது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இருவரும் பதுளைக்குப் போனோம். ஒரு சிறிய கடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டிருந்த இளைஞர் இரண்டாவது சாவியைப் பதிவு செய்துகொடுத்தார். மூன்று முறை பூட்டித் திறந்து, இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க விட்டேன். திரும்பி வந்ததும் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தது. தன் பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்றான் பையன். அந்தப் பீரோவின் சாவி எங்கே இருக்கும் என்று அவன் அம்மா கேட்டார். பிறகு அவரே அதை வாங்கி, ஒரு சிவப்பு நூலில் கோத்து, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.