காதி வீட்டுத் திண்ணையிலிருந்து ஷரியா நீதிமன்றம் வரை

சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காரும்போதெல்லாம் நாம் சௌத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலும் தெலுக் ஆயர் நாகூர் தர்காவிலுமே தொடங்குகிறோம். அவை நம் முன்னோர் விட்டுச் சென்ற பெருமைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த மலரிலும் படம் போடப்படாத இன்னொரு வரலாறு நமக்கு உண்டு. வீட்டுக்குள் மனம் முறிந்தபோது, கணவர் செலவுக்குக் கொடுக்காமல் போனபோது, நம் தாய்மார்களும் சகோதரிகளும் யாரிடம் போய் முறையிட்டார்கள்? அவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரில் அதையும் பதிந்து வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம் திருமணங்களுக்கென ஒரு சட்டம் வந்தது 1880-ஆம் ஆண்டில். அதற்கு முன் ஆலிம்களும் லெப்பைமார்களும் நிக்காஹ் ஓதி வைத்தார்கள். ஊரார் சாட்சி, அவ்வளவுதான். 1880 சட்டம் காதிகளை நியமிக்கவும், திருமணத்தையும் மணவிலக்கையும் பதிவேட்டில் எழுதவும் வழி செய்தது. முதலில் பதிவு கட்டாயமில்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கட்டாயமாயிற்று.

காதிக்குச் சட்டம் கொடுத்தது ஒரு பேனாவும் ஒரு பதிவேடும். விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஒருவர் காதியின் வீட்டுக்குப் போய்த் தம் மனைவியைத் தலாக் சொல்லிவிட்டதாகத் தெரிவித்துக் கட்டணத்தைக் கட்டினால் பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிடும். மனைவி அங்கே இருக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் பொறுங்கள் தம்பி, பெண்ணையும் அழைத்து வாருங்கள்" என்று ஒரு காதி சொன்னால் இன்னொரு காதியிடம் போகலாம். மனைவி விடுதலை கேட்டு வந்தாலோ, கணவரை அழைத்து வரவோ, அவர் சம்மதிக்காதபோது ஃபஸக் வழங்கவோ பெரும்பாலான காதிகள் முன்வரவில்லை. இதற்காகக் காதிகளைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அவர்களில் மார்க்க அறிவும் இரக்கமும் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஒருவருடைய இரக்கத்தை நம்பி நிற்பது நீதி கிடைக்கும் வழியாகாது.

விளைவு என்ன? 1950-களில் இங்கே நூறு முஸ்லிம் திருமணங்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மணவிலக்குகள் பதிவாயின. இந்தக் கணக்கில் பெரும்பங்கு மலாய்க் குடும்பங்களுடையது. நம்மவர் பங்கு குறைவு. அதைச் சொல்லி மார்தட்டிக்கொண்டவர்களும் நம்மில் உண்டு. நம் குடும்பங்களின் துயரம் வேறு வகையானது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது.

நாகூர், காரைக்கால், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என்று ஊர் ஊராக வந்த ஆண்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரிலேயே விட்டு வந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள்தாம் குடும்பத்தோடு குடியேறியதில் முந்திக்கொண்டவர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய் வருவார்கள். மாதாமாதம் பணவிடை வரும். ஒரு மாதம் வராது, பிறகு ஆறு மாதம் வராது. இங்கே இன்னொரு நிக்காஹ் நடந்திருக்கும், அல்லது கடிதத்தில் தலாக் போயிருக்கும். அந்தப் பெண்ணின் தந்தை ஊர் ஜமாஅத்தில் முறையிடலாம். ஜமாஅத்தார் கடுத்தத்தையும் தப்தரையும் புரட்டிப் பார்க்கலாம். கடலுக்கு இப்பால் உள்ளவரை அழைத்து விசாரிக்க அவர்களால் ஆகாது. இங்குள்ள காதிக்கோ அப்படி ஒரு மனைவி இருப்பதே தெரியாது. ஊர்த் தப்தருக்கும் சிங்கப்பூர்ப் பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்து காணாமற்போன பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு எவரிடமும் கணக்கில்லை.

மாற்றம் கேட்டு முதலில் குரல் எழுப்பியவர்கள் பெண்களே. 1947-இல் சே ஸஹாரா மலாய்ப் பெண்கள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். 1952-இல் இளம் முஸ்லிம் பெண்கள் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான கதீஜுன் நிஸா சிராஜ் அம்மையாரை நம் சமுதாயத்தார் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர்கள் மார்க்கத்தை மாற்றச் சொல்லவில்லை. மார்க்கம் தந்த உரிமையைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

1957-இல் முஸ்லிம்கள் அவசரச் சட்டம் நிறைவேறியது. அதை வரைந்ததில் பெரும்பங்கு அஹ்மத் முஹம்மது இப்ராஹிம் அவர்களுடையது. 1916-இல் சிங்கப்பூரில் பிறந்தவர், இந்திய முஸ்லிம் வம்சாவளியினர், கேம்பிரிட்ஜில் படித்தவர். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் தலைமைச் சட்ட அதிகாரியானார். அதன்பின் மலேசியா சென்று சட்டப் பேராசிரியராகப் புகழ்பெற்று 1999-இல் மறைந்தார். ஜாலான் அஹ்மத் இப்ராஹிம் சாலை இவர் பெயரில் அமைந்தது என்று நம் இளைஞர்கள் பலர் நினைக்கிறார்கள். அது 1962-இல் காலமான அமைச்சர் அஹ்மத் இப்ராஹிம் பெயரில் உள்ளது. இவர் வேறு, அவர் வேறு. நம்மவர் ஒருவர் இத்தனை பெரிய பணி செய்திருக்க, சாலையின் பெயரை வைத்துப் பெருமைப்படுவானேன்?

1958 நவம்பர் 24-இல் ஷரியா நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் ஏழைகளுக்கான அரசாங்கச் சட்ட உதவி அலுவலகமும் திறக்கப்பட்டிருந்தது. இனி இருவரும் சம்மதித்த மணவிலக்கை மட்டுமே காதி பதியலாம். ஒருவர் மறுத்தாலும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மனைவிக்கு அழைப்பு போகும், அவர் வந்து பேசுவார். இத்தா காலச் செலவு, முத்ஆ, பாக்கியிருக்கும் மஹர் எல்லாம் விசாரிக்கப்படும். பெண் கேட்டு வரும் ஃபஸக், குலா வழக்குகளுக்கும் வாசல் திறந்தது. பேசிச் சமரசம் செய்து வைக்க நலப்பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். கதீஜுன் நிஸா அம்மையாரும் அப்பணியைச் செய்தவர். 1960-இல் வந்த திருத்தம் இரண்டாம் திருமணத்துக்கும் விசாரணை வேண்டும் என்றது. மனைவி உள்ளவருக்கு எந்தக் காதியும் தன் விருப்பப்படி நிக்காஹ் செய்து வைக்க முடியாமற்போயிற்று.

வெள்ளைக்கார அரசாங்கம் மார்க்கத்தில் கை வைக்கிறது என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. கணவன் மனைவிக்குள் பிளவு வரும் என்று அஞ்சினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தச் சொல்வது திருமறையின் அந்நிஸா அத்தியாயம். நீதிமன்றம் ஹக்கம் என்ற பெயரில் நியமிப்பது அந்த நடுவரைத்தான். இருதரப்பையும் கேட்காமல் பதிவேட்டில் எழுதிய பழைய வழக்கம்தான் மார்க்கத்துக்கு அந்நியமானது என்பது நம் கருத்து. பத்தாண்டுக்குள் மணவிலக்குக் கணக்கு வெகுவாக இறங்கியது. ஜுடித் ஜமூர் என்ற ஆய்வாளர் அந்நீதிமன்றத்தின் தொடக்க ஆண்டுகளை நேரில் கவனித்து 1966-இல் ஒரு நூலே வெளியிட்டார்.

அதே 1966-இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1968 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. முயிஸ் அமைந்தது இதன்படிதான். ஷாஃபி மத்ஹபே மேலோங்கும், ஹனஃபிகளான ராவுத்தர் குடும்பங்களின் நிலை என்ன என்று நம் பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். ஃபத்வா கேட்பவர் வேறு மத்ஹபின்படி வேண்டும் என்று கோரினால் அதன்படியே சொல்லலாம் என்று சட்டத்திலேயே இடம் வைத்திருந்தார்கள்.

நம் சங்கம் தோன்றியபோது இவையெல்லாம் நடப்பில் இருந்தன. நீதிமன்றம் இருந்தது, சட்டம் இருந்தது. இருந்தும் நம் பெண்கள் பலருக்கு அது எட்டாத இடமாகவே இருந்தது. முதல் தடை மொழி. அங்கே மலாயும் ஆங்கிலமும் புழங்கின. ஊரிலிருந்து வந்த நம் தாய்மார்களுக்குச் சந்தைக்குப் போய் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். தம் இல்லற வாழ்க்கையை ஒரு அந்நிய ஆணின் முன் எடுத்துச் சொல்ல அது போதாது. அதனால் சங்கத்திலிருந்து யாராவது துணைக்குப் போவது வழக்கமாயிற்று.

ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதுகிறோம். செலவுக்குக் கொடுக்காத கணவர் மீது முறையிடப் போன ஒரு சகோதரி, ஆலோசகர் முன் அழுதுகொண்டே, "இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். துணைக்குப் போன நம் தொண்டர் அதை, அவர் மணவிலக்கு கேட்கிறார் என்று மலாயில் சொல்லிவிட்டார். ஆலோசகர் அனுபவசாலி. பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எத்தனை பேர், கணவர் வீட்டுக்கு வருகிறாரா என்று எளிய மலாயில் நேராகவே அவரிடம் கேட்டார். அந்தச் சகோதரிக்கு வேண்டியிருந்தது வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மட்டுமே. அந்த ஆலோசகர் அப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைத்து அந்தத் தொண்டர் பல நாள் உறங்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் மொழிபெயர்ப்பாளராக்கிவிடாது என்பதை அன்றுதான் கற்றோம். அதன்பின், பேச்சில் எது புரியவில்லையோ அதைத் திருப்பிக் கேட்காமல் மொழிபெயர்க்கக் கூடாது என்பதைச் சங்கத்தில் விதியாக வைத்தோம்.

அந்தச் சகோதரி போயிருக்க வேண்டிய இடமே வேறு என்பது இன்னொரு பாடம். 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம் முஸ்லிம்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் பொருந்தாது. ஆனால் மனைவி மக்களுக்கு வாழ்க்கைச் செலவு கோரும் பகுதி நமக்கும் பொருந்தும். மணவாழ்க்கை நிலைத்திருக்கும்போதே செலவு கேட்கும் பெண் பொது நீதிமன்றத்துக்குப் போகலாம். நம்மில் பலருக்கு இது தெரியாது. முஸ்லிம் என்றால் ஷரியா நீதிமன்றம் என்று நாமே சொல்லி அனுப்பியிருக்கிறோம்; அவர்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது தடை எல்லாவற்றிலும் கசப்பானது. வழக்கில் வென்ற பெண்ணுக்கு ஓர் உத்தரவு கிடைக்கும். முத்ஆ நாளொன்றுக்கு இத்தனை வெள்ளி என்று மணவாழ்க்கையின் நாட்களைக் கணக்கிட்டு ஒரு தொகை எழுதியிருக்கும். கொடுக்க மனமில்லாதவர் கொடுக்கமாட்டார். தன் உத்தரவைத் தானே வற்புறுத்தி நிறைவேற்றும் வலிமை ஷரியா நீதிமன்றத்துக்கு இல்லை. உத்தரவை நெகிழிப்பையில் சுற்றி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த அம்மாவை நமக்குத் தெரியும். "அரசாங்க முத்திரை இருக்கு தம்பி, காசுதான் வரல" என்பார். 1999-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகுதான் அத்தகைய உத்தரவை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ளத் தெளிவான வழி பிறந்தது. பிள்ளைகளின் பராமரிப்பு, சொத்துப் பங்கீடு போன்றவற்றை ஷரியா நீதிமன்றத்தின் அனுமதியோடு உயர் நீதிமன்றத்துக்கும் கொண்டு செல்லலாம் என்று ஆனதும் அப்போதுதான். அந்த அம்மாவுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. காலம் கடந்துவிட்டது.

இன்று ஷரியா நீதிமன்றம் லெங்கோக் பாருவில் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தாமே பேசிக்கொள்கிறார்கள். பழைய சிக்கல் பாதி தீர்ந்தது. ஆனால் ஊரில் நிக்காஹ் முடித்து வருகையாளர் அனுமதியில் இங்கு வந்து தங்கும் மருமகள்களுக்கு அது இன்னும் தீரவில்லை. மனம் முறிந்தால் கணவர் ஆதரவில் கிடைத்த அனுமதியும் முடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாய் திறக்காமல் விமானமேறிவிடுகிறார்கள். ஐம்பதுகளின் கடிதத் தலாக்குக்கு அவர்கள் வெகு தொலைவில் இல்லை.

ஆகவே சங்க அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு புதுமணத் தம்பதியிடமும் நாம் சில பொருள்களைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்கிறோம்: ஊர் ஜமாஅத் தப்தரின் சான்று நகல், அதன் மொழிபெயர்ப்பு, மஹர் எவ்வளவு, அதில் கொடுத்தது எவ்வளவு என்று இருவரும் ஒப்பமிட்ட குறிப்பு. இரண்டு பிரதிகள் எடுக்க வேண்டும். ஒன்று மணமகளின் கையில் இருக்க வேண்டும், மாமியாரின் பெட்டியில் அன்று.