சுயவெறுப்பின் கணக்கு: ஒரு கதையாடல் விளையாட்டில் கொடுமையும் கீழ்ப்படிதலும்

கொடுமை செய்தவன் வருந்தினாலே பாதி திருந்திவிட்டான் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பால் செகே 2003-இல் வெளியிட்ட ‘மை லைஃப் வித் மாஸ்டர்’ என்னும் கதையாடல் விளையாட்டு அதைத் தன் விதிகளாலேயே மறுக்கிறது. களம், 1805-ஆம் ஆண்டின் மத்திய ஐரோப்பிய ஊர் ஒன்று. மேசையைச் சுற்றி அமர்பவர்களில் ஒருவர் கொடிய எஜமானனாகப் பேசுவார். மற்றவர்கள் அனைவரும் அவனுடைய ஏவலாட்கள். புதைத்த பிணத்தைத் தோண்டி வா என்று அவன் ஏவுகிறான். மறுக்க நினைக்கும் ஏவலாள் நான்குமுகப் பகடைகளை உருட்ட வேண்டும்: தன் அன்பு எண்ணிலிருந்து சோர்வு எண்ணைக் கழித்தால் எத்தனை மிஞ்சுமோ அத்தனை பகடைகள். எதிர்ப்பக்கத்தில் எஜமானனின் அச்சுறுத்தலோடு ஏவலாளின் சுயவெறுப்பும் கூட்டப்படுகிறது. ஆய்வுக்குரியது இந்தக் கூட்டல்தான். ஏவிய கொடுமையைச் செய்து முடித்தவனுக்குச் சுயவெறுப்பு ஏறும். அப்படி ஏறியது அடுத்த முறை எஜமானன் கைக்கே பகடையாகப் போய்ச் சேரும். மனம் நொந்தவன் மேலும் எளிதாகப் பணிகிறான். அவனை மீட்பது, ஊரார் ஒருவரைத் தயங்கித் தயங்கி நெருங்கிச் சேர்க்கும் அன்பு மட்டுமே.

விதி என்பது வடிவமைப்பாளரின் கருத்தேயன்றிச் சான்றாகாது எனலாம். உண்மைதான், ஆனால் அக்கருத்தை உரசிப் பார்க்க வெளியே கல் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனைகளில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பங்கேற்றவர்கள் ஏவப்பட்டார்கள்; முதலில் அறிவிக்கப்பட்ட ஒன்றில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பலருக்கு வியர்த்துக் கொட்டியது, உடல் நடுங்கியது. முறையிட்டுக்கொண்டே விசையை அழுத்தினார்கள். உடனிருந்த இருவர் மறுத்து எழுந்த வேறொரு சோதனையிலோ, இறுதிவரை சென்றவர்கள் 40-க்கு 4 பேர்தான். அதிர்ச்சி பொய் என்று பங்கேற்றவர்களில் சிலர் ஐயுற்றார்கள் என்ற விமர்சனம் புறந்தள்ளத் தக்கதன்று. ஆயினும் வேதனைப்பட்டும் நிறுத்தாதவர்களின் நடத்தையை அது முழுதாக விளக்கிவிடாது. கையை நிறுத்தியது அவரவர் வேதனையைவிடப் பக்கத்தில் இருந்த மனிதர்களே. (விளையாட்டில் அந்த இடத்தில் நிற்பவர்கள் சக ஏவலாட்கள் அல்லர், ஊரார்; ஒப்புமை அந்த அளவுக்குத் தளர்வானது.)

மேசையில் அமர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஆடுகிறார்களே, இதில் அறம் எங்கே என்ற கேள்வி எனக்கு வலுவானதாகத் தோன்றவில்லை. அங்கதம் சிரிக்க வைப்பதால் அதன் வாதம் பொய்யாகிவிடாது. வலுவான தடை வேறு. அன்பு கொடுமையைத் தடுக்கும் என்றால், ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ் அதன் ஓரத்திலேயே மனைவி மக்களோடு குடும்பம் நடத்தியது எப்படி? விடை விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது. அங்கே கணக்கில் ஏறுவது எஜமானன் மாளிகைக்கு வெளியே, ஊராரிடத்தில் தேடிக்கொள்ளும் அன்புதான். அடுத்த ஏவல் அவர்கள்மீதே பாயலாம். வீட்டுக்குள் பொழியும் பாசத்துக்கு ஏவலாளின் எண்களைக் குறிக்கும் தாளில் கட்டமே கிடையாது.