உடல் விறைப்பு நோய்

ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த அபூர்வ நரம்பு நோயில் முதுகு, வயிறு, கால் தசைகள் மெல்ல விறைத்து, இடையிடையே கடும் வலியோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு காலையோ கையையோ மட்டும் பிடிக்கும் வகையும் உண்டு, பெரும்பாலும் கால்தான். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் என்பது பொதுக்கணக்கு. எடுத்துக்காட்டாக, திருப்பூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 25 லட்சம் பேர். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஐந்து பேர் தேறுவது அரிது. ஆகவே சுளுக்கு என்றும் வாயுப்பிடிப்பு என்றும் எண்ணெய் நீவுவதிலேயே மாதங்கள் ஓடிவிடுவதில் வியப்பில்லை.

மேயோ கிளினிக்கின் மோர்ஷ், வோல்ட்மன் இருவரும் 1956-இல் இதை முதலில் விவரித்தார்கள். 14 நோயாளிகளைச் சேர்க்க அவர்களுக்கு 32 ஆண்டுகள் ஆயின.

தசையைத் தளர்த்தும் நரம்புச் செய்திகளுக்குக் காபா என்ற வேதிப்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் ‘காட்’ நொதிக்கு எதிரான எதிர்ப்பான்கள் பெரும்பாலான நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கின்றன. இந்நோயில் இந்த எதிர்ப்பான் இருப்பதை 1988-இல் சொலிமெனா, டி கமிலி குழுவினர் கண்டறிந்தனர். முதல் வகை சர்க்கரை நோயிலும் இதே எதிர்ப்பான் காணப்படுகிறது; விறைப்பு நோயாளிகளில் கணிசமானோருக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது.

திடீர் ஓசை, எதிர்பாராத தொடுகை, மனப்பதற்றம் ஆகியவை பிடிப்பைக் கிளப்பிவிடும். கோவை–திருச்சி சாலையைக் கடக்கையில் லாரியின் ஏர் ஹாரன் அலறினால் நடுச்சாலையிலேயே கால் கட்டையாகிவிடலாம். கையை ஊன்றக்கூட முடியாமல் விழ நேரும். சாலையைக் கடக்கவே அஞ்சுபவர்கள் பலர். தூங்கும்போதோ விறைப்பு தளர்ந்துவிடும். பயம் ஒருபுறம், தூக்கத்தில் கிடைக்கும் இந்த நிம்மதி மறுபுறம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ‘மனக்கோளாறு’, ‘நடிப்பு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள், சில சமயம் மருத்துவர்களே. ரணஜன்னியோடும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதில் தாடை பூட்டிக்கொள்ளும், இதில் பொதுவாக அப்படி ஆவதில்லை. காட் எதிர்ப்பானுக்கான ரத்தப் பரிசோதனையும், ஓய்விலும் அடங்காத தசை மின்னோட்டத்தைக் காட்டும் இ.எம்.ஜி.யும் ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பாடகி செலின் டியோன் தமக்கு இந்நோய் இருப்பதை 2022 டிசம்பரில் அறிவித்த பிறகே பலர் இதன் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. 1963 முதல் டயஸிபாம் கைகொடுக்கிறது, பேக்லோஃபெனும் தரப்படுகிறது. இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து பலன் தருவதை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடல் எடைக்கேற்ப ஏற்றப்படும் அம்மருந்துக்கு ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் செலவாகும். பலருக்கு மிஞ்சுவது மாத்திரைதான். அதையும் திடீரென நிறுத்தினால் பிடிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.