எலும்புகளை எடுத்தவர் எழுதிய வரலாறு

துறவி ஒருவர் கொலை துப்பறியிறார் எண்டதும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எடித் பார்ஜெற்றர், எலிஸ் பீற்றர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய சகோதரர் கட்ஃபேல் நாவல்களில் முதலாவது 1977இல் வெளிவந்தது. கட்ஃபேல் கற்பனைப் பாத்திரம். கொலையும் கற்பனை. ஆனால் கதைக்கு அடியில் இருக்கும் பயணம் உண்மையானது.

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட உள்ள ஷ்ரூஸ்பரியில் 1083இல் றொஜர் என்ற நோர்மன் பிரபு ஒரு பெனடிக்ற் மடத்தை நிறுவினார். ஆனால் பெயர்பெற்ற புனிதர் ஒருவரின் உடல் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் இது சின்னக் குறையில்லை. புனிதரின் எலும்பு இருக்கிற இடத்துக்குத்தான் யாத்திரிகர் வருவினம், நோயாளிகள் வருவினம், காணிக்கையும் வரும்.

1138 அளவில் மடத்தின் துணைத்தலைவர் றொபேர்ட், வேல்ஸில் உள்ள குவிதெரின் என்ற சிற்றூருக்குப் போனார். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புனித வினிஃபிரெட் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். ஊர்ச்சனம் அவரைக் குவென்ஃபிரெவி என்று அழைத்தது. தங்கட மண்ணில் கிடக்கிறவரைக் குடுக்க அவர்களுக்கு விருப்பமில்லை. கடைசியில் எலும்புகள் ஷ்ரூஸ்பரிக்குப் போய்விட்டன.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? றொபேர்ட்டே எழுதி வைத்திருக்கிறார். சிக்கலும் அதுதான்.

அவருடைய எழுத்தில் எல்லாருக்கும் காட்சிகள் தெரிகின்றன. ஷ்ரூஸ்பரி மடத்தில் ஒரு துறவி நோயில் கிடக்க, வினிஃபிரெட்டை நாடும்படி காட்சியில் சொல்லப்படுகிறது. குவிதெரின் குருவானவருக்கும் தடுக்க வேண்டாம் என்று காட்சி வருகிறது. ஆனால் எதிர்த்து நின்ற ஒருவரைப் பணம் குடுத்து வழிக்குக் கொண்டுவந்ததையும் றொபேர்ட் மறைக்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிட்டன். புனிதையே வர விரும்பியிருந்தால் காசு எதுக்கு?

இது றொபேர்ட் மட்டும் செய்த வேலையில்லை. 1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் புனித நிக்கலஸின் எலும்புகளை மைராவில் இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தவர்களின் நியாயம் எப்பவும் ஒன்றுதான்: புனிதருக்கு விருப்பமில்லை எண்டால் அவரே தடுத்திருப்பாரே! செத்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார். அவருடைய மௌனமே சம்மதமாகிவிடுகிறது.

நாவலில் கட்ஃபேல் வேல்ஸ்காரர். மொழிபெயர்ப்பாளராகத்தான் குவிதெரினுக்குப் போகிறார். இரண்டு பக்கத்தின் பேச்சும் விளங்கிற ஒருவர். றொபேர்ட்டின் பதிவில் குவிதெரின் சனத்தின் குரல் றொபேர்ட்டின் வாயாலதான் வருகிறது. பார்ஜெற்றர் அவர்களையே பேச விடுகிறார். எனக்கு இந்தப் புத்தகம் பிடித்துப்போனது, கொலைகாரன் ஆர் எண்ட கேள்வியால் இல்லை, இதால்தான்.

16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது ஷ்ரூஸ்பரித் திருத்தலமும் அழிந்தது. குவிதெரினிலோ வினிஃபிரெட்டின் பெயரோடு ஒரு பழைய மரப்பேழை தப்பிக் கிடந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எட்வேர்ட் லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர் அதைப் பார்த்து வரைந்து வைத்தார். எலும்பு போய் ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த ஊர் அவளை விடவில்லை. றொபேர்ட்டின் புத்தகத்தில் இல்லாத சாட்சியம் அது.