சாஸ்திரி ஹாலும் கூலி விகிதமும்

லஸ்ஸில் ரானடே நூலகத்துக்கு மேலே இருக்கும் ஸ்ரீனிவாச சாஸ்திரி ஹாலில் நாம் கவிதை பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் 1936-37இல் மலேயா ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து, தமிழ்க் கூலிகள் அங்கே போவதைத் தடுக்க முகாந்திரமில்லை என்று அறிக்கை தந்தவர். இது ஒருநாளும் நம் பேச்சில் வந்ததில்லை. அவருடைய ஆங்கிலம் உலகப் பிரசித்தம். பால் வெட்டியவனின் தமிழ் அதற்குள் எவ்வளவு நுழைந்திருக்கும்?

1938இல் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தார்கள். இந்திய சர்க்கார் (வெள்ளைக்கார சர்க்கார்தான்) 1922ஆம் வருஷச் சட்டத்தைக் கொண்டு, செலவு கொடுத்து ஆள் அழைத்துப்போவதையே நிறுத்தியது. கூலி இல்லையென்றால் ஆளும் இல்லை.

அந்தச் சட்டம் 1983 வரை உயிரோடிருந்தது. அதற்குப்பின் வந்த சட்டத்தின் ஏற்பாட்டில் பத்தாவது தேறியவனுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமாம். ஆங்கில பி.ஏ.வான எனக்குச் சிரிப்பு வருகிறது.

2020 செப்டம்பரில், கொரோனா நடுவில், வளைகுடா போகிறவர்களின் குறைந்தபட்சக் கூலி விகிதத்தைத் தில்லியே குறைத்தது. வேலைகள் கைநழுவக்கூடாது என்பது காரணம். எதிர்ப்பும் வழக்கும் வந்து 2021இல் பழைய விகிதம் திரும்பியது. இடையில் கையெழுத்தான ஒப்பந்தங்கள்? 2022இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 111 பில்லியன் டாலர். இவ்வளவு பெரிய வரவுக்குப் பழகிய சர்க்கார் 1938இல் செய்ததை இனிச் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தி. நகரில் எங்கள் கவுண்டரில், அப்படி வரும் தொகைக்குக் காரணம் 'குடும்பப் பராமரிப்பு' என்று பெரும்பாலும் நானே நிரப்பிவிடுவேன். 2020 கடைசியில் ஒரு அம்மாள், மகன் அனுப்புவது ஏன் பாதியாயிற்று என்று என்னைக் கேட்டாள். வட்டி விகிதமென்றால் சொல்லியிருப்பேன்.