கிந்தாவில் மின்சாரமும் தொழிலாளர் உயிர்க்காப்பும்

நெருப்பு சுடும் என்பதை அதன் அனல் முன்னரே சொல்லிவிடும். நீரின் ஆழத்தைக் கால் அறியும். சுழலும் சக்கரத்தின் அபாயத்தைக் கண் காணும். மின்சாரம் ஒன்றுதான் தொடுகின்ற கணம் வரை தன் இருப்பை அறிவிப்பதில்லை. நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. ஆகவே, அதனிடமிருந்து தொழிலாளியைக் காப்பதற்கு அவனுடைய புலன்களும் எச்சரிக்கையும் மட்டும் போதா. கருவியின் அமைப்பும், அதை நிறுவியவரின் பொறுப்பும், சட்டத்தின் கட்டாயமும் சேர்ந்தே அவனைக் காக்க முடியும். இவ்வுண்மையை உலகம் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. பல உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றுக்கொண்டது.

அந்த வரலாற்றைக் காண்பதற்கு ஏற்றதோர் இடம், பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே அமைந்துள்ள செமோர் வட்டாரம். தெற்கே கிந்தா பள்ளத்தாக்கின் ஈய நிலம். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். காந்தான் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளும் சிமெண்டு ஆலையும். ஸ்ட்ராதிஸ்லா, சங்காட் கிண்டிங் என்னும் தோட்டங்களின் பெயர்களை அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மின்சாரம் தொழிலாளியைச் சந்தித்த இடங்கள் யாவும் இங்கே சில மைல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஈயத்தின் வழியே வந்த மின்சாரம்

மலாயாவில் மின்சாரம் முதன்முதல் பயன்பட்டதாகப் பதிவு பெற்றிருக்கும் இடம் ஓர் ஈயச் சுரங்கமே. 1894-ஆம் ஆண்டில் சிலாங்கூரைச் சேர்ந்த ரவாங்கில் லோக் யூ என்னும் சீனப் பெருவணிகரும், கோலாலம்பூர்த் தமிழர் தலைவராக விளங்கிய தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்தில் மின் உற்பத்தி இயந்திரத்தை நிறுவினர். 1900-இல் பகாங் மாநிலத்து ரவுப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. இந்தியாவிலும் கதை இவ்வாறே சென்றது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் முதலில் சென்றது கோலார் தங்கவயலுக்கே. அங்கே நிலத்தடியில் உழைத்தவர்களில் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் ஏராளம்.

கிந்தா பள்ளத்தாக்கில் 1913-இல் பத்து காஜாவில் முதல் ஈயக் கப்பல் இயங்கத் தொடங்கியது. 1926-இல் பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி தோன்றிற்று. மாலிம் நாவாரில் அதன் நீராவி மின்நிலையமும், 1930-இல் செண்டேரோ அணையின் நீர்மின் நிலையமும் வேலை தொடங்கின. இவ்விரு நிலையங்களின் தலையாய வாடிக்கைக்காரர் ஈயச் சுரங்கங்களே. 1938-இல் கட்டப்பெற்று, 1982-இல் ஓய்வு பெற்று, இன்று தஞ்சோங் துவாலாங்கில் காட்சிப் பொருளாக மிதக்கும் ஈயக் கப்பலைக் காண்போர் ஒன்றை எளிதில் ஊகிக்கலாம்: குட்டையில் மிதக்கும் இரும்புக் கப்பல், கரையிலிருந்து அதற்கு மின்சாரம் கொணரும் கேபிள், ஈரத்திலும் சேற்றிலும் நிற்கும் மனிதன். நீரும் இரும்பும் மின்சாரமும் ஒரே இடத்தில் கூடினால் விளையக்கூடியது என்ன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது வரிசை முறை. மின்சாரம் முதலில் சுரங்கத்திற்கும், பின்னர் நகரத்திற்கும் சென்றது. தொழிலாளியின் வீட்டிற்குக் கடைசியாகவே வந்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்த பின்னர், மக்களைக் குடியேற்றிய புதுக் கிராமங்கள் சிலவற்றில் விளக்குகள் முதலில் முள்வேலியின் ஓரத்தில்தான் எரிந்தன. தோட்டத்து லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணை. சில தோட்டங்களில் ஸ்டோர் எஞ்சின் ஓடும் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிகளை வரையறுத்த சட்டமே 1966-இல்தான் வந்தது. நெருப்பின் குணத்தைக் குழந்தை தாயின் அடுப்பங்கரையில் கற்றுக்கொள்கிறது. மின்சாரத்தின் குணத்தைக் கற்க இத்தொழிலாளிக்கு அத்தகைய அடுப்பங்கரை வாய்க்கவில்லை. வீட்டில் பழகாத ஒன்றை அவன் வேலைக்களத்தில் நேருக்கு நேர் சந்தித்தான்.

பால் ஸ்டோரின் ஈரத் தரை

ரப்பர்ப் பால் ஸ்டோரில் தரை காய்ந்திருப்பது அரிது. பாலை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து, அமிலம் ஊற்றி உறைய வைத்து, உறைந்ததை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்குவர். உருளைகளின்மேல் தண்ணீர் விழுந்தவண்ணம் இருக்கும். முற்காலத்தில் ஒரு பெரிய எஞ்சின் நீண்ட தண்டையும் தோல் பட்டைகளையும் சுழற்றி எல்லா உருளைகளையும் ஓட்டிற்று. பட்டை கையை இழுத்துவிடும் என்பதே அன்றைய அச்சம். பின்னர் ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி மோட்டார் வந்தது. பட்டையின் அபாயம் குறைந்தது. கண்ணுக்குப் புலப்படாத புதிய அபாயம் அந்த ஈரத் தரையில் வந்து சேர்ந்தது. அமில ஆவியும் அமோனியாவும் உலோக முனைகளை அரித்தன. வெறுங்காலில் நிற்கும் தொழிலாளியின் உடல் மின்சாரம் பூமிக்குள் இறங்க நல்வழியாயிற்று.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மின்கம்பியின் மேல் உறையாக உலகம் முதலில் நாடியது மலாய் நாட்டு மரங்களின் பாலையே. கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசின் 1850-களில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. வீட்டுக்கும் ஆலைக்கும் வந்த கம்பிகளோ கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரைப் போர்த்துக்கொண்டன. பால் மரத்திலிருந்து தோட்டத் தொழிலாளி எடுத்த பால் கடல் கடந்து சென்று, கம்பியின் உறையாக அவனிடமே திரும்பி வந்தது. ஆனால் ரப்பர் உறை சூட்டில் காய்ந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டால் மோட்டார் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். இக்குறை காரணமாகவே பிற்காலத்தில் பி.வி.சி. உறை அதன் இடத்தைப் பிடித்தது.

பியூஸ் எதைக் காக்கிறது?

“பியூஸ் இருக்கிறது, பயமில்லை” என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. ஒரு சிறு கணக்கு இதன் தவற்றைக் காட்டும். ஈரம் பட்ட உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். 230 வோல்ட் மின்சாரம் அவ்வுடலில் பாய்ந்தால் ஓடும் அளவு 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸ் இதைப் பொருட்படுத்தவே செய்யாது. அது உருக இதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் வேண்டும். மனிதனுக்கோ அதில் சிறு பகுதியே போதும். கலிபோர்னியாவில் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் நடத்திய சோதனைகளில், கையில் பிடித்த கம்பியை விட்டுவிட இயலும் எல்லை ஆடவருக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்டிருக்கு 10.5 மில்லி ஆம்பியர் எனத் தெரியவந்தது. அதற்கு மேல் சென்றால் தசைகள் இறுகி, கை கம்பியைத் தானே பற்றிக்கொள்ளும். இன்னும் சற்று மிகுந்து சில நொடிகள் நீடித்தால் இதயம் தாளம் தவறித் துடிதுடித்து நின்றுவிடும். பியூஸ் தோன்றியது கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கே. நேரே மனிதனைக் காப்பது அதன் வேலையன்று.

மனிதனைக் காக்க முதலில் கண்ட வழி எர்த் கம்பி. இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தைப் பூமியோடு இணைத்துவிட்டால், சட்டத்தில் ஏறிய மின்சாரம் அவ்வழியே பெருவெள்ளமாய்ப் பாயும்; அப்போதுதான் பியூஸ் உருகும். இம்முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. எர்த் கம்பி அறுந்த இயந்திரம், அறாத இயந்திரத்தைப் போலவே நன்றாக ஓடும். உற்பத்தி குறையாது, சத்தம் மாறாது. காப்பு போய்விட்டது என்பதை ஒருவர் சோதித்தறிந்தாலொழிய, ஒரு தொழிலாளியின் உடலே அறிவிக்கும்.

இந்த ஓட்டையை அடைத்தது எர்த் கசிவுத் தடுப்பான். பெரட்டில் காலையில் எண்ணி அனுப்பிய ஆட்களை மாலையில் மீண்டும் எண்ணிப் பார்ப்பது போன்றது அதன் வேலை. ஒரு கம்பியில் சென்ற மின்சாரம் அடுத்த கம்பியில் முழுவதும் திரும்பியதா எனக் கணந்தோறும் ஒப்பிடும். குறைந்தால், அது வேறு வழியே, ஒருவேளை ஒரு மனித உடல் வழியே, போயிற்று எனக் கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். 1950-களின் நடுவில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்ரி ரூபின் என்னும் பொறியியலார் அமைத்த கருவி 250 மில்லி ஆம்பியர் கசிவில் இயங்கிற்று. 1960-களின் தொடக்கத்தில் டால்சீல் அதை மிக நுண்ணியதாக்கினார். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கும், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கும் மேற்படாத அளவில் இத்தகைய தடுப்பானை வேண்டுகின்றன. பால் ஸ்டோரின் ஈரத் தரைக்கு ஒரு விடை அந்த எண்ணில் இருக்கிறது.

விதிகள் பிறந்த வகை

மின் உற்பத்தி இயந்திரத்தால் மாண்டவராகப் பெரும்பாலும் முதலிற் குறிக்கப்படுபவர், 1879-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் இறந்த நாடக அரங்குத் தச்சர் ஒருவர். பிரிட்டனில் தொழிற்சாலை மின்சாரத்திற்கென விதிகள் 1908-இல் எழுந்தன. மின்சாரம் தாக்கியவரை மீட்கும் முறையை ஆலையில் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மலாயாவில் 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அவ்வாண்டே மின்சாரச் சட்டமும் வந்தது. அவ்வாரியம் 1965-இல் தேசிய மின்சார வாரியமாகி, 1982-இல் பேராக் ஆற்றுக் கம்பெனியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, 1990-இல் தெனாகா நேஷனலாக மாறிற்று. 1990-இன் மின்சார விநியோகச் சட்டமும் 1994-இன் விதிகளும் இன்று நடைமுறையில் உள்ளன.

இவ்விதிகளின் சாரம் பொறுப்புக்கு ஒரு பெயர் தருவது. வயர்மேன், சார்ஜ்மேன், பொறியியலார் எனத் தகுதிச் சான்று பெற்றவரே இன்னின்ன வேலையைச் செய்யலாம். வீடுகள் நீங்கலாக, மின் அமைப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கப்பட வேண்டும். ஓசையின்றி அறுந்துபோகும் எர்த் கம்பியைக் கண்டுபிடிக்க இதைவிட வேறு வழியில்லை. பழுது பார்ப்போருக்கு உலகெங்கும் விதித்த ஒழுங்கும் எளியதே: இணைப்பைத் துண்டி, சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கையில் வை, மின்சாரம் இல்லையென்று சோதித்துப் பார், தேவையான இடத்தில் எர்த் செய், பிறகு கை வை. பூட்டு இல்லாத இடத்தில், நின்ற உருளையைக் கண்ட வேறொருவர் நல்லெண்ணத்தோடு சுவிட்சைப் போட்டாலும் உயிர் போகும்.

1994-இல் வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் பொதுக் கடமையாக்கிற்று. 2024 ஜூன் 1 முதல் அதன் எல்லை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துள்ளது. “அவன் கவனக்குறைவாய் இருந்தான்” என்று கதையை முடித்துவிடும் பழைய வழக்கத்திற்கு இச்சட்டம் இடந்தரவில்லை. கவனம் பிசகும் மனிதனையும் காக்கும் ஏற்பாடு இருந்ததா என்பதே இன்று எழும் கேள்வி.

மூச்சை மீட்ட முறை

மின்சாரத் தொழிலாளரின் சாவு மருத்துவத்திற்கும் ஒரு கொடை அளித்தது. மின்கம்பம் ஏறுவோர் பலர் மாண்டதைக் கண்டு, அமெரிக்க மின்சாரக் கம்பெனிகள் 1920-களில் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்னும் மின்பொறியியலார் அதில் ஈடுபட்டார். நின்ற இதயத்தை மார்பின் மேலிருந்தே அழுத்தி இயக்கும் முறையை அவரும் அவர்தம் துணைவரும் 1960-இல் வெளியிட்டனர். இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படும் முதலுதவி இதுவே. ஆயினும் அதற்கு முந்திய படி ஒன்றுண்டு: முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அதைச் செய்யாது ஓடிச் சென்று தொட்டவர், காக்கப் போன இடத்தில் தாமும் வீழ்ந்துவிடுவர்.

இன்றைய செமோர்

ஈயக் கப்பல்கள் ஓய்ந்தன. ரப்பர் இருந்த நிலங்களில் செம்பனை பரவிற்று. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் நீண்ட அலுமினியக் கம்பில் பொருத்தப்படுகிறது. மின்கம்பிக்கு அருகே அந்தக் கம்பை உயர்த்துவது சாவை எட்டித் தொடுவதற்கு ஒப்பாகும். செமோர் வழியாக வடக்கே செல்லும் ரயில்பாதையின் மேற்கம்பியில் இன்று 25,000 வோல்ட் ஓடுகிறது; அத்தகைய உயர் அழுத்தத்தை நெருங்கினாலே போதும், தொட வேண்டுவதில்லை. தோட்டங்களில் தமிழர் நின்ற இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் நிற்கின்றனர். மலேசியத் துணை மின்நிலையக் கதவுகளில் மண்டையோட்டின் கீழ் மலாய், ஆங்கிலம், சீனத்தோடு “அபாயம்” என்று தமிழிலும் எழுதியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். இந்நாட்டு மின்சாரத்தோடு தமிழன் எவ்வளவு நெருங்கி உழைத்தான் என்பதற்கு அச்சொல் ஒரு சான்று. புதிதாய் வந்தவருள் பலருக்கு அப்பலகையின் எழுத்து எதுவும் புரியாது. அவர்களுக்கு அதை அவரவர் மொழியில் சொல்வது கடமை. சொல்லியும் ஒருவன் மறந்துவிடும் நாளில் அவன் உயிர் காக்கப்படுவது, அறாத எர்த் கம்பியாலும், பூட்டிய சுவிட்சாலும், உரிய காலத்தில் சோதித்த தடுப்பானாலுமே ஆகும்.